பூஜ்யத்துக்குக் கீழே ஒரு அக்கா

செல்போன் அலறியது.

திரையில் ‘அக்கா’ என்று வந்தது.

நத்தை எடுத்தாள்.

நத்தை என்பது அவள் பெயரல்ல. அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால், எதிரே இருப்பவர் டீ ஆற்றிக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். அதனால் அக்கா வைத்த பெயர். வீட்டில் பிறந்து ஆபீஸ் வரை பரவி, இப்போது வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

“சொ... ல்லுக்கா...”

“நத்தை! நீ பேசாதே, கேளு! பாட்டரி சாகப் போவுது. நான் நம்ம கம்பெனி லாரிக்குள்ள இருக்கேன். குளிர்பெட்டிக்குள்ள! வெளியே பூட்டியிருக்கு!”

நத்தை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“எ... ந்த வண்டி?”

“தெரியலைடி! யார்டுல சீல் சரியா இருக்கான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். பின்னாலேர்ந்து யாரோ அடிச்சாங்க. முகத்தைப் பார்க்கல. முழிச்சுப் பார்த்தா இருட்டு... வண்டி ஓடுது. உள்பக்கக் கைப்பிடியைக் கழட்டி வச்சிருக்கான் பாவி! கத்திப் பார்த்தேன். மோட்டார் சத்தத்துல டிரைவருக்கு எங்கே கேட்கப் போவுது?”

அக்காவின் பற்கள் தந்தியடிப்பது போனில் கேட்டது.

“அக்கா... கு... ளிர்...”

“மைனஸ் பதினெட்டு. என்கிட்ட ஸ்வெட்டர்கூட இல்ல. கவனமாக் கேளு. சுவத்துல சூட்டை அளக்கிற சென்சார் இருக்கில்ல? அதைக் கையால மூடறேன். அளவு ஏறும். விடறேன். இறங்கும். மறுபடி மூடுவேன். கை விறைக்கிற வரைக்கும் இதையேதான் செய்யப் போறேன். சட்டுனு ஏறி, சட்டுனு இறங்கற வண்டி எதுன்னு தேடுடி! நீ கண்டுபிடிச்சிடுவே... எனக்குத்...”

டொக்.

செத்தது பாட்டரி!

*

குளிர்சாதன லாரி கம்பெனி அது. மீன், ஐஸ்கிரீம், மருந்து... கெட்டுப்போகக் கூடியது எதுவானாலும் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக வாசலில் போர்டு சொன்னது. சாலையில் நானூறு லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு லாரியும் தன் பெட்டிக்குள் எவ்வளவு குளிர் இருக்கிறது என்பதை நொடிக்கு ஒரு வரியாக ஆபீஸ் சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒரே கோப்பில் போய் விழும்.

அந்தக் கோப்பைச் சலித்து அறிக்கை எடுப்பது நத்தையின் வேலை. அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு லாரிகளைச் சோதிப்பது அக்காவின் வேலை. இந்தக் கம்ப்யூட்டர் சமாசாரம் மொத்தத்துக்கும் தலைவர், அக்காவின் கணவர். நத்தையின் அத்தான்.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்ன அறைக்குள் நான்கு பேர் வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எல்லா டிரைவருக்கும் போன் போட்டு, வண்டியை நிறுத்தித் திறந்து பாருன்னு சொல்லலாமே?” என்றார் மானேஜர். பேசப் பேச நெற்றியைத் துடைத்தார். கைக்குட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும்.

“சொல்லலாம் சார்.” இன்ஸ்பெக்டர் மேஜை ஓரத்தில் சாய்ந்து நின்றிருந்தாள். நல்ல உயரம். குரலில் எப்போதும் ஒரு கேலி. “நானூறுல ஒருத்தன் அடிச்சவனோட கூட்டாளியா இருந்தா? போன் வந்த அடுத்த நிமிஷம் பெட்டியோட அவங்களை ஏதாவது ஒரு பள்ளத்துல இறக்கிட்டுப் போயிட்டே இருப்பான்.”

“செல்போன் டவர்...?”

“பார்த்தாச்சு. நாலு ஹைவே சேர்ற இடம். உங்க வண்டிங்க அந்த வழியாத்தான் நாலா பக்கமும் போயிருக்கு. எனக்கு ஒரே ஒரு நம்பர் வேணும். நம்பர் கிடைச்சா, பக்கத்துல இருக்கற ரோந்து வண்டி மடக்கிடும்.”

அத்தான் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“மைனஸ் பதினெட்டு மேடம்... அவளுக்கு ஃபேன் காத்தே ஆகாது. ஒரு மணி நேரம்கூடத் தாங்க மாட்டா...”

“அழறதை அப்புறம் வச்சுக்கலாம் சார். கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?”

எல்லோரும் நத்தையைப் பார்த்தார்கள்.

“ஸ்... கிரிப்ட் இருக்கு. அத்தான் எழு... தினது. ஆனா அது முடிய...”

“முடிய?”

“நா... ளைக்குக் காலை ஆகும்.”

இன்ஸ்பெக்டர் கேலியை மறந்தாள்.

“நாளைக்குக் காலையில நமக்கு நம்பர் தேவைப்படாதும்மா. மாலைதான் தேவைப்படும்.”

*

நத்தை கீபோர்டை இழுத்துக்கொண்டாள்.

வாய்தான் நத்தை. விரல்கள் அணில்!

கம்ப்யூட்டருக்கு வரி வரியாக எழுதி வைத்த கட்டளைகள்தான் ஸ்கிரிப்ட். அது திரையில் விரிந்தது. அவள் அதைப் பல மாதமாக ஓட்டுகிறாள். ஒரு நாளும் உள்ளே புகுந்து கை வைத்ததில்லை. அத்தான் எழுதியது... அத்தான் சொன்னால் சரி... அவ்வளவுதான்.

இப்போது படித்தாள்.

நெற்றி சுருங்கியது.

“என்னம்மா?” இன்ஸ்பெக்டர் குனிந்தாள்.

“ஒவ்... வொரு வரியா எடுக்குது மேடம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு புது புரோகிராமைக் கூப்... பிட்டு, கேட்டு, அனுப்பிட்டு, அடுத்த வரிக்கு மறுபடி...”

“புரியற மாதிரி சொல்லும்மா. நான் போலீஸ்.”

“ஒரு மூட்டைத் தபாலைக் கீழே வச்சுக்கிட்டு... ஒவ்வொரு கடுதாசியா எடுத்துக்கிட்டு மாடி ஏறி, இது நம்ம வீட்டுக்கான்னு கேட்டுட்டு, இறங்கி வந்து, அடுத்த கடுதாசியைத் தூக்கிக்கிட்டு மறுபடி மாடி ஏறற மாதிரி.”

“யாருய்யா அந்த அறிவாளி தபால்காரன்?”

அத்தான் தலையை நிமிர்த்தினார். “நான்தான் மேடம். கம்பெனியில பத்து வண்டி இருந்தப்ப எழுதினது. அப்ப அதுவே போதுமா இருந்தது...”

“மூட்டையையே மாடிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்,” என்றாள் நத்தை. விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. “ஒரே புரோகிராம். மொத்தக் கோப்பும் ஒரே மூச்சுல.”

பழைய வரிகள் திரையிலிருந்து உதிர்ந்தன. ஒரு மாதத்துக் கோப்பில் இன்றைய பகுதியை மட்டும் வெட்டியெடுத்தாள். அதுவே கோடி வரிகளைத் தாண்டியது. நானூறு லாரிகளின் வரிகளும் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல் கலந்து கிடந்தன.

“முதல்ல வண்டி வாரியா அடுக்கணும்,” என்றாள். “அது ஒரு வரி. அப்புறம் எந்த வண்டியில சட்டுனு ஏறி இறங்குதுன்னு பார்க்கணும். அது அடுத்த வரி. மோட்டார் நின்னு ஓடினாலும் ஏறி இறங்கும்... ஆனா மெது... வா. அக்கா கையால மூடறது தனியாத் தெரியும்.”

“அடுக்கறதுக்கே அரை மணி நேரத்துக்கு மேல ஆகும் நத்தை,” என்றார் அத்தான். “இந்தச் சர்வர் எனக்குத் தெரியும். கிழட்டு மாடு. பதறாதே. நிதானமா செய்.”

“சர்வர்ல இப்படிக் கண்டதை ஓட்டலாமா?” மானேஜர் இடையில் புகுந்தார். “படுத்துச்சுன்னா நானூறு வண்டியும் குருடாயிடும்! உள்ளே இருக்கற சரக்கு யாரோட பொறுப்பு?”

“உள்ளே இருக்கற சரக்குல ஒண்ணு என் அக்கா சார்!”

இந்த வாக்கியம் மின்னல் வேகத்தில் வந்தது. நத்தைக்கே ஆச்சரியம்.

மானேஜர் செல்போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு நழுவினார். இது மூன்றாவது முறை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு யாரிடமோ பேசுவது தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தாள்.

“இந்த ஆளு யார்கிட்ட இவ்வளவு ரகசியம் பேசறாரு? சார்... உங்க வொய்ஃபுக்கும் இவருக்கும் ஏதாவது தகராறு?”

அத்தான் தயங்கினார். “சொல்லக்கூடாது மேடம்... போன வாரம் அவ ஒரு விஷயம் சொன்னா. வழியில குளிர் மோட்டாரை நிறுத்திட்டு, மிச்சமாகற டீசலை யாரோ வெளியே விக்கறாங்களாம். மருந்தெல்லாம் வெந்து போயிடுது. அறிக்கையில மட்டும் குளிர் சரியா இருந்த மாதிரியே வருதுன்னு. மேலிடத்துல ஒருத்தர் கை இல்லாம இது நடக்காதுன்னா.”

“மேலிடம்!” இன்ஸ்பெக்டரின் பார்வை கண்ணாடிக் கதவைத் துளைத்தது. “வரட்டும், உள்ளே வரட்டும்.”

“தண்ணி கொண்டு வரேன்,” என்று அத்தான் எழுந்து போனார்.

நத்தை நிமிரவில்லை. ஓட்டும் பட்டனுக்கு மேல் விரல் நின்றது.

அரை மணி நேரம்...

அரை மணி நேரத்தில் அக்காவின் கை விறைத்துவிடும். விறைத்துவிட்டால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அப்புறம் எத்தனை வேகமான ஸ்கிரிப்டாக இருந்தாலும் தேடுவதற்கு எதுவும் இருக்காது.

ஏன் அடுக்குவதற்கு இத்தனை நேரம்?

பளிச்!

உலகத்தில் உள்ள அத்தனை மொழி எழுத்துகளும் வரக்கூடும் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் அகராதியில் புரட்டிப் புரட்டி அடுக்குகிறது சர்வர். ஆனால் கோப்பில் இருப்பது என்ன? வண்டி எண், நேரம், குளிர். வெறும் எண்கள்! எண்ணுக்கு எதற்கு அகராதி?

ஸ்கிரிப்டின் தலையில் ஒரு சின்ன வரி சேர்த்தாள். அகராதியைத் தூக்கிப் போடு... குறிகளைக் குறிகளாகவே பார்... என்று சொல்லும் வரி.

தட்டினாள்.

ஓடத் தொடங்கியது.

அத்தான் தண்ணீர் பாட்டிலுடன் திரும்பி வந்தார். “ஓட விட்டாச்சா?”

“ம்.”

“முதல் வரிதானே ஓடுது? அடுக்கறது?”

“ம்.”

அந்தச் சின்ன வரியைப் பற்றி அவள் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை. சொல்ல ஆரம்பித்தால் எப்போது முடிப்பது என்ற அலுப்புதான்.

அத்தான் எதிர் மேஜையில் தன் லேப்டாப்பைத் திறந்தார். “நானும் பார்க்கறேன். சர்வர் மூச்சு வாங்காம இருக்கான்னு.”

இரண்டு கீபோர்டுகளும் அமைதியாயின. பிறகு ஒன்று மட்டும், அத்தானுடையது, கொஞ்ச நேரம் கிசுகிசுத்தது.

திரையில் கர்சர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

சிமிட்டல்... சிமிட்டல்...

இன்ஸ்பெக்டர் நகத்தைக் கடித்தாள். மானேஜர் வராந்தாவில் நடந்துகொண்டே பேசினார்.

அத்தான் லேப்டாப்பை மூடினார். “சர்வர் நல்லாத்தான் இருக்கு. பொறுமையா இருப்போம்... இன்னும் நேரம் இருக்கு.”

அவர் சொல்லி வாயை மூடவில்லை.

திரை விழித்தது!

217!

“வந்துடுச்சு!” நத்தை கத்தினாள். “இரு... நூத்திப் பதினேழு!”

“என்னது!” அத்தான் துள்ளி எழுந்தார். “அதுக்குள்ளயா? அது எப்படி அதுக்குள்ள...?”

இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸை வாய்க்குக் கொண்டு போய்விட்டாள். “எல்லா ரோந்தும் கேட்டுக்கோ! குளிர் லாரி, பக்கவாட்டுல இரண்டு ஒண்ணு ஏழுன்னு பெரிசா எழுதியிருக்கும். மடக்கு! பெட்டியை உடை! உள்ளே உயிர் இருக்கு!”

வயர்லெஸ் கரகரத்தது. லாரி மேற்கு ஹைவேயில். ரோந்து ஒன்று பக்கத்திலேயே இருந்தது.

“கடவுளே!” அத்தான் கார் சாவியை எடுத்துக்கொண்டார். ஒரு கையில் லேப்டாப். “நான் போறேன் மேடம். மேற்கு ஹைவே பக்கம்தான். அவ கண்ணு முழிக்கறப்ப நான் பக்கத்துல இருக்கணும்!”

“போங்க சார், போங்க! கீழே ஜீப் இருக்கு, அதுலயே போங்க. சைரன் போட்டுக்கிட்டுப் போவான்!”

அத்தான் கதவை நோக்கி ஓடினார்.

நத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

217-க்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

சர்வரின் புலம்பல். இந்த இடத்தில் இருப்பது எனக்குப் புரியவில்லை என்று, புரியாத துண்டையும் அப்படியே காட்டியிருந்தது. நத்தை அதைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

அந்தத் துண்டின் அர்த்தம் இதுதான்: விடையில் 217 வந்தால் அதை எடுத்துவிடு.

அவள் அப்படி ஒரு துண்டு எழுதவே இல்லை!

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“மே... மே...”

“என்னம்மா?”

“அ... அத்தா...”

வாய் ஒத்துழைக்கவில்லை. அத்தானின் கை கதவுக் கைப்பிடியில்.

மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். வீசினாள்.

ணங்!

பாட்டில் கதவில் மோதி, அத்தானின் சட்டையெல்லாம் தண்ணீர். அவர் திகைத்துத் திரும்பினார்.

“பைத்தியமா உனக்கு?”

“அத்தான்...” நத்தை மூச்சை இழுத்துக்கொண்டாள். “217-ன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“திரையில இருக்கே! நீதானே கத்தினே!”

“அதுக்கு முன்னாடி.”

இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸைக் கீழே இறக்கினாள்.

“அதுக்கு முன்னாடின்னா?”

“விடை வர்றதுக்கு முன்னாடி. ஸ்கிரிப்ட் ஓடிக்கிட்டு இருந்தப்ப. 217-ஐ எடுத்துடுன்னு யாரோ அதுல ஒட்டுப் போட்டிருக்காங்க. அதைத் திருத்தற அனுமதி இந்த ஆபீஸ்ல ரெண்டே பேருக்குத்தான். ஒண்ணு நான்.”

“நீயே கை தவறி ஏதாவது...”

“என் ஸ்கிரிப்ட் ஓட ஆரம்பிச்சப்ப அதுல 217 இல்ல அத்தான்.”

“ஒரு நிமிஷம்.” இன்ஸ்பெக்டர் இரண்டே எட்டில் கதவுக்கும் அத்தானுக்கும் நடுவே வந்து நின்றாள். “போலீஸுக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. அவசரமே இல்ல. எவ்வளவு மெதுவா வேணும்னாலும் சொல்லு.”

நத்தை சொன்னாள். முதல் முறையாக, ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

“ஸ்கிரிப்டைச் சர்வர் மொத்தமாப் படிச்சு வச்சுக்காது மேடம். நாம படிக்கிறப்ப விரலை வச்சுக்கிட்டுப் படிக்கிறோமே, அந்த மாதிரி. ஒரு வரி படிக்கும், செய்யும், முடிச்சிட்டு அடுத்த வரிக்கு விரலை நகர்த்தும். அதனால, விரல் இன்னும் போய்ச் சேராத வரியை யாராவது மாத்தினா, மாத்தினதைத்தான் படிக்கும். அத்தானுக்கு அது நல்லாத் தெரியும். அடுக்கற வரி இன்னும் அரை மணி நேரம் ஓடும்னு நினைச்சு, நிதானமா அடுத்த வரியோட கடைசியில ஒட்டுப் போட்டார். 217 வெளியே வராதபடி.”

“சரி. அப்புறம் எப்படி வந்துச்சு?”

“அவர் தண்ணிக்குப் போனப்ப நான் அதை வேக... மாக்கிட்டேன். அடுக்கற வேலை எப்பவோ முடிஞ்சு போச்சு. அவர் திருத்தினப்ப விரல் அடுத்த வரிமேலேயே இருந்தது. பழைய வரி அதுபாட்டுக்கு ஓடி முடிச்சு 217-ன்னு விடை சொல்லிடுச்சு. வரி முடிஞ்ச இடத்துலேர்ந்து மேலே படிக்கப் போனா... அங்கே அவர் ஒட்டின துண்டு தலையும் இல்லாம காலும் இல்லாமத் தொங்குது. புரியலைன்னு சர்வர் எல்லார் முன்னாலேயும் படிச்சுக் காட்டிடுச்சு.”

இன்ஸ்பெக்டர் அத்தானின் கையிலிருந்த லேப்டாப்பை மெல்ல வாங்கினாள். திறந்தாள்.

மூடும்போது எதையும் அணைக்கவில்லை அவர். எல்லாம் அப்படியே இருந்தது. ஸ்கிரிப்ட்... அடுத்த வரி... அதன் வாலில் 217.

“அழகா ஒட்டியிருக்கீங்க சார்.”

அத்தானின் முகத்திலிருந்து துக்கம் வழிந்து போயிற்று. உள்ளே இருந்த முகம் வேறு.

“அந்த அறிக்கையைத் திருத்தறது நான்தான்னு அவளுக்குத் தெரிஞ்சுபோற நிலைமை. அதான் அடிச்சு உள்ளே போட்டேன்,” என்றார் நத்தையைப் பார்த்து. “ஸ்கிரிப்டைப் பத்து நிமிஷத்துல ஓட்டிப் பார்க்க முடிஞ்சிருந்தா எவனாவது எப்பவோ கண்டுபிடிச்சிருப்பான். அது மெதுவா இருந்த வரைக்கும் ஒருத்தனும் ரெண்டாம் தடவை ஓட்டிப் பார்க்கல. உனக்கு எதுக்குடி இந்த வேலை? நீ நத்தையாவே இருந்திருக்கலாம்ல?”

கான்ஸ்டபிள் ஒருவர் உள்ளே வந்தார். அத்தானின் கையில் விலங்கு பூட்டிக்கொண்டது.

கதவு மறுபடி திறந்தது. மானேஜர்! செல்போன் இன்னும் காதில்.

“மேடம்... நாலு ஹைவேயிலயும் ஆம்புலன்ஸ் நிறுத்தியாச்சு. மேற்குலதான் கொஞ்சம் கெஞ்ச வேண்டியதாப் போச்சு. வராந்தாவுல சிக்னல் வேற சரியா இல்ல, வாய்கிட்டக் கையைக் குவிச்சுக்கிட்டுக் கத்தினேன்...” விலங்கைப் பார்த்து நின்றார். “இவருக்கு எதுக்கு இது?”

“உங்களுக்கு வச்சிருந்தது சார்,” என்றாள் இன்ஸ்பெக்டர். “கடைசி நேரத்துல கை மாறிடுச்சு.”

வயர்லெஸ் கரகரத்தது.

எல்லோரும் அதன் பக்கம் திரும்பினார்கள்.

“மேடம்... வண்டியை மடக்கிட்டோம். டிரைவருக்கு ஒண்ணும் தெரியாது, அழுதுக்கிட்டு நிக்கறான். பூட்டை உடைச்சிட்டோம். உள்ளே மீன் பெட்டிக்கு நடுவுல...”

கரகரப்பு.

“நடுவுல?” நத்தை வயர்லெஸ்ஸைப் பறித்தாள். “நடுவுல என்ன? சொ... சொல்லுங்க!”

கரகரப்பு... கரகரப்பு...

பிறகு ஒரு குரல். நடுங்கி, உடைந்து, ஆனால் முழுசாக அதிகாரத்துடன்.

“ஏன்டி... இவ்வளவு நேரம்... நத்தை?”

நத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். அழுதாள். இரண்டும் ஒரே வேகத்தில் வந்தன.

“கையை இன்னமும் எடுக்க மாட்டேங்கறாங்க மேடம்,” என்றது ரோந்தின் குரல். “கம்பளியைப் போர்த்திட்டோம், அப்பவும் சென்சாரை மூடி மூடித் திறக்கறாங்க. போதும்மான்னு சொன்னாக் கேட்க மாட்டேங்கறாங்க.”

இன்ஸ்பெக்டர் கண் ஓரத்தை விரலால் துடைத்துக்கொண்டு, யாரும் பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தாள்.

வாசலில் அத்தான் முரண்டு பிடித்தார்.

“என் வக்கீலைக் கூப்பிடுங்க! இந்தக் கேஸ் எவ்வளவு நாளைக்கு இழுக்கும்னு எனக்குத் தெரியணும்!”

இன்ஸ்பெக்டர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

“நீங்க எழுதின ஸ்கிரிப்ட் மாதிரிதான் சார் கோர்ட்டும்... வரிக்கு ஒரு வாய்தா! அதை வேகமாக்க எந்த நத்தையும் வராது!”